மெட்டுகுடாவில் ஏறுகிறவள்

தார்நாகாவில் நானும் என் மகளும் செகந்திராபாத் பக்கம் போகும் மெட்ரோ ஏறுவோம். அடுத்த நிலையம் மெட்டுகுடா. ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வண்டி அங்கே போய்விடும். அதற்குள் என் மகள் கைப்பையை மடிக்கு மாற்றி, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் உண்டாக்கி, கதவைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். அவளுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். என் பக்கம் திரும்ப மாட்டாள். கதவு திறக்கும். மெட்டுகுடாக்காரி ஏறுவாள். என் மகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? பொறாமைதான். இந்த வயதில், சொந்த மகள் விஷயத்தில், கூட வேலை பார்க்கிற ஒருத்தி மேல். என் கணவரிடம் சொன்னால் சிரிப்பார், சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்.

நான் பார்ப்பது பாடம் நடத்தும் வேலை. பள்ளிக்கூடத்தில் இல்லை. இரண்டு கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனால், ஒருவர் மற்றவரிடம் ‘உன் கம்ப்யூட்டரில் இருப்பதைக் காட்டு’ என்று கேட்பார்கள். ஈமெயில், வாட்ஸ்அப், அழித்துவிட்டதாக யாரோ நிம்மதியாக இருக்கும் கோப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். அவற்றைக் கை படாமல் எடுத்து, படித்து, வழக்குக்குச் சேருவது எது, சேராதது எது என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் தொழில். சட்டம் படித்த பிள்ளைகளும் வருவார்கள், இன்ஜினியரிங் படித்த பிள்ளைகளும் வருவார்கள். முதல் வகைக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, இரண்டாம் வகைக்குக் கோர்ட் தெரியாது. இரண்டு வகைக்கும் இரண்டையும் புகட்டி அனுப்புவது என் பாடு.

முதல் பாடம் ஒன்றுதான். மூலத்தைத் தொடாதே. ஒரு கோப்பைச் சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடினாலும் அதற்குள் இருக்கும் தேதி மாறலாம். ஒரு பென் டிரைவைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் சொருகினாலே போதும், கம்ப்யூட்டர் தன் பங்குக்கு அதில் எதையாவது கிறுக்கி வைக்கும். அதனால் எது கைக்கு வந்தாலும் முதலில் ஹாஷ் எடுப்போம். உள்ளே உள்ள அத்தனையையும் கணக்குப் போட்டு, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளமான வரிசையாகச் சுருக்கித் தருவதுதான் ஹாஷ். உள்ளே ஒரு கமா மாறினாலும் அந்த வரிசை அடியோடு மாறிவிடும். வாங்கும்போது எடுத்ததும் கோர்ட்டில் காட்டும்போது எடுத்ததும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள்.

நான் கண்டிப்பான ஆள். என் வகுப்பில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோர்ட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. கடைசிப் பாடம் சாட்சிக் கூண்டு. நீ எடுத்த சான்றை நீதான் எடுத்தாய் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டிவரும், எதிர்த்தரப்பு வக்கீல் உன்னைப் பிய்த்து எடுப்பார். ‘கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்’ என்று சாட்சிகளுக்குச் சொல்வேன். குறுக்கு விசாரணை செய்ய நிற்பவர்களுக்கு, ‘பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதீர்கள்’ என்பேன். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் இதையெல்லாம் எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுப் படுக்கையறையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சட்டக் கல்லூரி வகுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மெட்டுகுடாக்காரி அதற்குப் பிறகு வந்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அவள் குடும்பம் ரயில்வே வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து, அங்கேயே தங்கி, மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அவளுடைய தமிழில் பாதி தெலுங்கு, கால்வாசி உருது. சேர்ந்த புதிதில் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு சுற்று முழுவதையும் கேட்டாள். நோட்டே எடுக்கவில்லை. திண்பண்டம் ஏதோ மென்றுகொண்டிருந்தாள். இது தேறாது என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் அவளுக்குத் தனி வகுப்பு கொடுத்தார்கள். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வர ஆரம்பித்தது.

சிரிப்பு வந்தால் படிப்பு வராது என்பது என் எண்ணம். ஆனால் அவள் பிள்ளைகளுக்கும் படிப்பு வந்தது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் புதிதாக ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். கடைசி வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பென் டிரைவை ஒட்டாத கவரில் போட்டுக் கொடுத்து, ‘இது ஒரு வழக்கின் சான்று. வீட்டுக்குக் கொண்டுபோங்கள். திங்கள்கிழமை காலை எனக்கு அப்படியே வேண்டும்’ என்று அனுப்பிவிடுவாள். சீல் கிடையாது, பூட்டு கிடையாது. சான்றை இரும்புப் பெட்டியில் வைத்துக் காப்பது எல்லோருக்கும் வரும், ஆட்டோவிலும் ஹாஸ்டலிலும் தம்பி தங்கைகள் நடுவிலும் காப்பதுதான் கஷ்டம் என்பது அவள் வாதம். சான்றை வீட்டுக்கு அனுப்புகிற கூத்தை எந்த ஊரில் கண்டோம் என்று நான் மீட்டிங்கில் கேட்டேன்.

“அதான் அக்கா பாயிண்ட்டு. எந்த ஊர்லயும் அனுப்ப மாட்டாங்க. ஆனா எப்படியோ வெளிய போயிரும் இல்ல?” என்றாள் அவள். “கைக்கு டென்ஷன்? எதுக்குங்கறேன்? பிராக்டீஸ்தானே.”

மேனேஜர் சிரித்தார். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் என் மகள் படிப்பை முடித்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். நான் சொல்லிச் சேரவில்லை, அவளே விண்ணப்பம் போட்டு, அவளே தேர்வு எழுதினாள். சேர்ந்த செய்தி வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் அவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சாப்பிட்டியா, தலையைத் துவட்டு, எத்தனை மணிக்கு வருவே என்கிற மூன்று கேள்விகள்தான். நான் எதில் கெட்டிக்காரி என்று அவள் பார்த்ததே இல்லை. என் வகுப்பில் வந்து உட்காரட்டும், ஒரு நாள் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம் என்று மனதுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நடக்கவில்லை. எங்கள் தொழிலில் சொந்தபந்தம் ஆகாது. ஒரு வழக்கு வந்தாலே, இதில் உள்ள யாராவது உனக்கு உறவா, நண்பரா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கோப்பைக் கொடுப்பார்கள். அந்த விதியைப் பயிற்சிக்கும் வைத்திருந்தார்கள். பெற்ற தாய் மகளுக்குப் பாடம் நடத்தவோ மதிப்பெண் போடவோ கூடாது. சரியான விதி. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். மகள் மெட்டுகுடாக்காரியின் வகுப்புக்குப் போனாள்.

முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. இட்லியைப் பிட்டுக்கொண்டே, “அக்கா இன்னைக்கு ஒண்ணு சொன்னாங்க” என்பாள். அந்த ‘அக்கா’ என்னையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குத் தங்கை, என் மகளுக்கு அக்கா. என்ன உறவு முறையோ.

அதைவிட மோசம், மகள் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னதுதான். திருநெல்வேலியிலிருந்து நாங்கள் இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தபோது அவள் கைக்குழந்தை. நானும் அவரும் எங்கள் ஊர்த் தமிழை விடவில்லை. அவளுக்கு எல்லாம் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ வரும். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், கோடை விடுமுறையில் தமிழ் எழுத்து சொல்லித்தர ஆள் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மெட்டுகுடாக்காரியிடம் போன சில வாரங்களில் கடகடவென்று பேசுகிறாள். அதுவும் எப்படிப்பட்ட தமிழ்? ஒருநாள் ரெண்டாவது தோசை வைக்கப் போனேன்.

“நக்கோ மா. வயிறு ஃபுல்லு.”

“என்னட்டி பாஷை இது?”

“தமிழ்தானே. நீதான் பேசு பேசுன்னு சொன்னே.”

என் கணவர் குஷாய்குடாவில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். எதையும் சட்டென்று பேச மாட்டார், பேசினால் வலிக்கிற இடத்தில்தான் பேசுவார். “பிள்ள தமிழ் பேசுதா. அத நெனச்சுச் சந்தோசப்படாம மூஞ்ச தூக்கி வச்சிருக்கியே” என்றார். “வாத்தியார் பிள்ள மக்குன்னு சொல்லுவாங்க. ஒன் பிள்ள தப்பிச்சிட்டால்லா, வேற வாத்தியார்ட்ட போயி.”

நான் தோசைக்கல்லைச் சத்தமாக இறக்கி வைத்தேன். அவருக்குப் பதில் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை மகள் கவரோடு வீட்டுக்கு வந்தாள். மெட்ரோவில் அதைக் கைப்பையின் உள்ளறையில் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் அலமாரியில் வைத்தாள். சற்று நேரத்தில் எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தாள். ஞாயிறு காலையில் மறுபடி எடுத்து, கண்ணெதிரே இருக்கட்டும் என்று சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. விதியை மதிக்கிறவளாக்கும் நான்.

மதியம் தலைக்குக் குளிக்கப் போனாள். கவர் மேஜையிலேயே இருந்தது. நான் அடுப்பிலிருந்து வத்தக்குழம்பை இறக்கிக் கொண்டுவந்தேன். வேறு எந்த வீட்டிலும் எந்தத் தாயும் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தேன். குழம்புச் சட்டியை மேஜையில் வைக்க வேண்டும், கவரில் ஒரு சொட்டு பட்டாலும் பிள்ளை அழுவாள், அதனால் கவரை எடுத்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தேன். வருஷக்கணக்காக ‘சான்று இருக்கும் இடத்தை அனுமதி இல்லாதவர் மாற்றக் கூடாது’ என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற நான், குழம்புக்குப் பயந்து அதைக் கையில் எடுத்திருக்கிறேன் என்பது பீரோ கதவைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

உறைத்த பிறகும் உடனே வைக்கவில்லை. என் லாப்டாப் கட்டில் மேல் திறந்து கிடந்தது. கவர் ஒட்டாத கவர். உள்ளே இருப்பது மெட்டுகுடாக்காரி தன் கையால் தயாரித்த சான்று. அதில் எதைக் கோட்டை விட்டிருக்கிறாள், எந்தத் தேதி எந்தத் தேதியோடு பொருந்தவில்லை, என் கண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவளுடைய சிரிப்புக்குப் பின்னால் சரக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும், யாரிடமும் சொல்லக்கூட வேண்டாம், நான் நிம்மதியாகத் தூங்குவேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் சேலைகளுக்கு மேல் கவரை வைத்து பீரோவைச் சாத்தினேன். இதை என் நேர்மை என்று யாரும் எழுத வேண்டாம். சொருகினால் தடம் விழும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். மகள் தலையில் துண்டோடு வந்து, “அம்மா, நா கவர் எக்கட?” என்று கேட்டாள். தமிழ் பேச ஆரம்பித்த பிறகும் பதறினால் அவளுக்குத் தெலுங்குதான்.

“பீரோல இருக்குட்டி. கொழம்பு பட்டுரும்னு எடுத்து வச்சேன்” என்றேன்.

“ஓகே” என்றாள். ரெண்டு அப்பளம் கூடத் தின்றாள்.

அடுத்த புதன்கிழமை சாட்சிக் கூண்டு. அது எங்கள் பயிற்சியின் கடைசிக் கண்டம். ஒரு மேஜையைச் சுவரோடு தள்ளி, அதற்குப் பின்னால் நிற்கவைத்தால் அதுதான் கூண்டு. வெளியிலிருந்து இரண்டு வக்கீல்கள் வந்து மதிப்பெண் போடுவார்கள். அதில் தேறினால் வேலை நிச்சயம், தேறாவிட்டால் அன்று மாலையே அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். வகுப்பு எடுத்தவரே தன் பிள்ளைகளைக் குறுக்கு விசாரணை செய்தால் செல்லம் கொடுத்துவிடுவார் என்று வகுப்பை மாற்றிவிடுவோம். என் பிள்ளைகளை மெட்டுகுடாக்காரி கேட்பாள், அவள் பிள்ளைகளை நான் கேட்பேன். என் மகளுக்கு மட்டும் வேறு ஆளைப் போடச் சொல்லி மேனேஜரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றிருந்தார்.

அதைக் கெடுத்தவள் மெட்டுகுடாக்காரி. அதற்கு முந்தின நாள் மேனேஜர் அறையில், என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“அக்காவே கேக்கட்டும் சார். மார்க்கு அவங்க போடலியே. வேற யாரு கேட்டாலும் அந்தப் பொண்ணுக்கு ஈஸியா போயிரும். அவ ஈஸியா பாஸாகக் கூடாது.”

மேனேஜர் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். “ஐ டோன்ட் மைண்ட்” என்றாள் அவள். என்னைப் பார்க்கவில்லை, மெட்டுகுடாக்காரியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என் வேலையைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு நாள் ஏங்கினேன். இதோ வந்துவிட்டது. நான் எப்படிப்பட்டவள் என்று நாளைக்குப் பார்க்கப் போகிறாள். ஆனால் நான் நன்றாகச் செய்தால் அவள் தோற்பாள், வேலை போய்விடும். வேண்டுமென்று சொதப்பினால் அவள் தேறிவிடுவாள், அந்தப் பெருமை முழுக்க மெட்டுகுடாக்காரிக்குப் போகும், மகளுக்கும் ‘அம்மா இவ்வளவுதானா’ என்று ஆகிவிடும். இப்படியும் அப்படியும் புரண்டு யோசித்தேன். கடைசியில் எது ஜெயித்தது என்று மறைக்க மாட்டேன். மெட்டுகுடாக்காரியின் மாணவி ஒருத்தி என் முன்னால் தடுமாறுவதை நான் பார்க்க ஆசைப்பட்டேன்.

மகள் கூண்டில் வந்து நின்றாள். என் பழைய காட்டன் சுடிதார் ஒன்றை, அளவு பிடித்துத் தைத்து, போட்டுக்கொண்டிருந்தாள். விசாரணை இங்கிலீஷில்தான் நடந்தது, இங்கே தமிழில் சொல்கிறேன். எப்படி வாங்கினாய், எப்படி நகல் எடுத்தாய் என்று கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னாள். அலட்டாமல், குரல் உயராமல். மெட்டுகுடாக்காரி பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நான் அந்த வீட்டில் இருப்பவள் மட்டும் கேட்கக்கூடிய கேள்விக்கு வந்தேன்.

“இந்தப் பென் டிரைவ் சனி மாலையிலிருந்து திங்கள் காலை வரை யாரிடம் இருந்தது?”

“என்னிடம், மேடம். என் வீட்டில்.”

“முழு நேரமும் உங்கள் கண்பார்வையில் இருந்ததா?”

இந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ‘ஆமாம்’ என்று பொய் சொல்வார்கள். அங்கேதான் நான் பிடிப்பேன்.

“இல்லை, மேடம்.”

“எப்போது இல்லை?”

“ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்தபோது மேஜையில் இல்லை. பீரோவில் இருந்தது. எடுத்து வைத்தவர் மை மதர்” என்று என்னை நேராகப் பார்த்துக்கொண்டு சொல்லி, ஒரு நொடி விட்டு, “மேடம்” என்று முடித்தாள்.

வந்திருந்த வக்கீல்களில் ஒருவர் பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார்.

“உங்கள் தாயாருக்கு அதைத் தொட அனுமதி இருந்ததா?”

“இல்லை, மேடம்.”

“இப்படிப்பட்ட சான்றைத் திறக்கத் தெரிந்தவரா அவர்?”

“நன்றாகத் தெரிந்தவர், மேடம்.”

“வீட்டில் கம்ப்யூட்டர் உண்டா?”

“உண்டு, மேடம்.”

“அப்படியானால் அவர் திறக்கவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பெற்ற தாய் என்ற நம்பிக்கையிலா?”

“நம்பிக்கையை நான் கணக்கில் எடுக்கவில்லை, மேடம். திங்கள் காலையில் வகுப்பு தொடங்கும் முன்பு, எதையும் எழுதவிடாமல் தடுக்கும் கருவியில் மாட்டி மறுபடி ஹாஷ் எடுத்தேன். சனிக்கிழமை எடுத்ததும் அதுவும் ஒன்றாக இருந்தது.”

அவ்வளவுதான், முடிந்தது. எதிராளி கையில் இனி ஒன்றும் இல்லை. என் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மறுபடி ஹாஷ் எடுக்கத் தோன்றியிருக்காது. எனக்கு ஒரே நேரத்தில் கட்டி அணைக்கவும் தோன்றியது, காதில் புகையும் வந்தது. அத்தோடு நிறுத்தி நான் உட்கார்ந்திருக்க வேண்டும். முகம் காப்பாற்றிக்கொள்ள ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்த கேள்விதான் என்று நினைத்தேன்.

“பீரோவில் வைத்தது தாயார்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னதை வைத்துத்தானே?”

“சொன்னார், மேடம். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நான் பார்த்தேன்.”

இதற்கு அடுத்த கேள்வி என்ன என்று எங்கள் தொழிலில் முதல் வாரப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என்ன பார்த்தீர்கள்? மகள் காத்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மேஜை மேல் இருந்தன.

“வேறு கேள்வி இல்லை” என்றேன்.

வகுப்பு எடுத்தவளுக்கு மறுபடி விசாரிக்க உரிமை உண்டு. மேனேஜர் மெட்டுகுடாக்காரியைப் பார்த்தார். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள், மகளை ஒரு முறை பார்த்தாள். “நத்திங், சார்” என்றாள்.

மகள் தேறிவிட்டாள். அவள்தான் அந்தச் சுற்றில் முதல். வெளியிலிருந்து வந்த வக்கீல், மூத்த அம்மாள், தேநீர் குடித்துக்கொண்டே மெட்டுகுடாக்காரியின் கையைப் பிடித்து, எவ்வளவு நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள் என்றார். என் பக்கம் திரும்பி, ‘நீங்கள் அந்தப் பெண்ணிடம் ரொம்பக் கடுமை’ என்றார். நான் பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வண்டியில் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நடுவில் மகள். அவர்கள் இரண்டு பேரும் மற்ற பிள்ளைகள் கூண்டில் உளறியதை நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். செகந்திராபாத் தாண்டியதும் மெட்டுகுடாக்காரி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

“அக்கா, நீங்க அங்க நிறுத்துனீங்க பாருங்க, எனக்குப் புரியல” என்றாள். “நானா இருந்தா அடுத்தது கேட்டிருப்பேன்.”

“ஒனக்கு ஒரு நாள் புரியும்” என்றேன்.

“ஹவ், சரி, புரியட்டும்” என்று சிரித்தாள். மகளின் தலையில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு இறங்கிப் போனாள். கதவு மூடிக்கொண்டது. தார்நாகா வரை ஒரே ஒரு நிறுத்தம்தான் எனக்கு இருந்தது.

“என்னத்தட்டி பாத்த?” என்றேன்.

மகள் எதிரே இருந்த காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“குளிச்சிட்டு வெளிய வந்தேன். குழாய மூட மறந்துட்டு வந்துட்டேன். நீ பீரோவத் திறந்து வச்சிக்கிட்டு நின்னே. கவர் உன் கையில இருந்துச்சு. நீ லாப்டாப்பயே பாத்துக்கிட்டு இருந்தே. ரொம்ப நேரம் மா.” ஒரு தெலுங்கு வார்த்தை இல்லை, ஒரு நக்கோ இல்லை. “நான் திரும்பி பாத்ரூமுக்கே போயிட்டேன்.”

“அதுக்குத்தான் திங்கக்கெழம மறுபடி ஹாஷ் எடுத்தியா?”

“அதுக்குத்தான்.”

நம்பிக்கையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கூண்டில் நின்று சொன்னாளே, அது பாடமாகச் சொன்னது இல்லை. அந்தத் திங்கள்கிழமை காலையில் என் மகள், எல்லோருக்கும் முன்பாகத் தனியாகப் போய், கருவியில் மாட்டி, திரையில் எழுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான்.

“அவட்ட சொன்னியா?”

“அக்காகிட்டயா? இல்ல. வீட்டு விஷயம்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. மெட்டுகுடாக்காரியிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. என் அவமானம்தான் அது, இருந்தாலும் என் வீட்டில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

“அங்க வச்சு நான் கேட்டிருந்தேன்னா?”

“சொல்லிருப்பேன்” என்றாள், யோசிக்காமல். “நீ கேக்கல. கேட்டதுக்கு மட்டும்தானே மா பதில் சொல்லணும்.”

வண்டி வேகம் குறைந்தது. அது என் வாக்கியம். படுக்கையறையில் உட்கார்ந்து நான் கத்திக்கொண்டிருந்த காலத்தில், இவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கலாம். அல்லது என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒருத்தி நோட்டு எடுக்காமல் மென்றுகொண்டே கேட்டு, அவள் வாயால் இவளுக்குப் போயிருக்கலாம். யார்ட்டட்டி கத்துக்கிட்ட என்று கேட்க வாயெடுத்தேன். பதில் எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. மகள் என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். நான் கேட்காமலே அவள் பின்னால் போனேன்.